விடியற்காலை நடையும் நகரத்துக் காற்றும்

மார்கழி பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு செய்தி வந்து விழும். அதிகாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை ஓசோன் படலம் பூமிக்கு மிக அருகில் இறங்கி வருகிறது, அந்தக் காற்று நுரையீரலைச் சுத்தப்படுத்தும், அதனால்தான் முன்னோர் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடச் சொன்னார்கள் என்று அது விளக்கும். சித்தப்பா அனுப்புவார், அத்தை கைகூப்புவார், பத்துப் பேர் அதை வேறு பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுவார்கள். அதை நம்பி, ஏற்கெனவே இழுப்பு உள்ள என் பெரியம்மா ஒரு மார்கழி முழுக்க ஐந்து மணிக்கே எழுந்து பேருந்துச் சாலையோரமாக நடந்தார். தை பிறப்பதற்குள் இன்ஹேலரின் தேவை இரட்டிப்பானது. ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் அந்த மாதம்தான் எனக்குள் இந்தக் கேள்வியைப் போட்டது: அழுக்கான காற்றில் உடற்பயிற்சி செய்தால் உடம்பு தேறுமா, கெடுமா?

முதலில் ஓசோனைப் பார்த்துவிடலாம். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக்கென்று அது இறங்கி வருவதில்லை. தரையை ஒட்டி உருவாகும் ஓசோன் வேறு வழியில் பிறக்கிறது. வண்டிகளும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து அதை உண்டாக்குகின்றன. வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில் அது உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் வண்டிப்புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடுவதால் விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். போதாததற்கு, ஓசோன் நுரையீரலுக்கு மருந்தே அல்ல. மூச்சுக்குழாயின் உட்சவ்வை எரிச்சலூட்டிப் புண்ணாக்கும் வாயு அது. அந்தச் செய்தி இப்படி இரண்டு முறை தவறுகிறது: விடியலில் ஓசோன் அதிகமில்லை, இருந்திருந்தால் நாம் ஒதுங்கியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் மார்கழி விடியலில் தரையோரம் என்ன இருக்கிறது? இரவில் தரை குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து அடியில் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று, சட்டியை மூடிய தட்டுபோலக் கிடக்கிறது. வானிலை ஆய்வாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். கோடைப் பகலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக எழும்பிக் கலக்கும் காற்று, குளிர்கால இரவில் சில நூறு மீட்டருக்குள் அடங்கிப்போகும். இரவு லாரிகளின் புகை, டீக்கடை அடுப்பு, எரிந்த குப்பை, கட்டட வேலையின் தூசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே தேங்குகின்றன. ஈரப்பதம் மிகுந்திருந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துப் பனியோடு பனியாக மிதக்கின்றன. சூரியன் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். சென்னையில் கடற்காற்று உள்ளே புகுந்து துடைத்தெடுக்க முற்பகலோ நண்பகலோ ஆகிவிடும். 2018 போகியன்று பனியும் புகையும் கலந்து சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை மறைத்ததில் விமானங்கள் தாமதமானது பலருக்கு நினைவிருக்கும். கண்ணுக்குத் தெரிந்த நாள் அது. கண்ணுக்குத் தெரியாமல் அதே மூடி பல விடியல்களில் நம் தலைக்கு மேல் இருக்கிறது.

முன்னோரை இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வண்டியும் ஆலையும் இல்லாத கிராமத்தில் விடியற்காலைக் காற்று உண்மையாகவே சுத்தமாக இருந்தது. பனிக்குப் பயந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் அவர்கள் அதில் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவர்கள் பழகிய நேரத்தை வைத்துக்கொண்டோம். அந்த நேரத்துக் காற்று கைவிட்டுப் போய்விட்டது.

கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, மனச்சோர்வு என்று எதற்குப் போனாலும் மருத்துவர் முதலில் எழுதித் தருவது நடையைத்தான். இன்னொரு பக்கம், காற்று மாசு ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேரை அகால மரணத்துக்குத் தள்ளுகிறது என்று சொல்வதும் அதே அமைப்புதான். அந்த மரணங்களில் பெரும்பங்கு இதய நோயும் பக்கவாதமும். நடை எந்த உறுப்பைக் காக்கிறதோ அதே உறுப்பைத்தான் காற்று தாக்குகிறது. டெல்லியிலும் சென்னையிலும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வொன்று, நுண்துகள் மிகுந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டது. சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொல்கிறோம். நடக்கும் தெருவின் காற்றே சர்க்கரையைக் கூட்டும் பட்டியலில் இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டால் சிக்கல் புரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். வேகமாக நடந்தால் அது இருபத்தைந்து, முப்பது லிட்டராகும். ஓடினால் அறுபதைத் தொடும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் உச்ச வேகத்தில் நூறைத் தாண்டுவார். முக்கால் மணி நேரம் ஓடுகிறவர் 2,700 லிட்டர் காற்றை வாங்குகிறார்; அதே நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் வாங்குவது 300 லிட்டர் சொச்சம். தெரு ஒன்று, காற்று ஒன்று, உள்ளே போகும் அளவு மட்டும் எட்டு ஒன்பது மடங்கு. மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்துவிடுகிறோம். மூக்கின் முடியும் சளியும் வளைந்த பாதையும் பிடித்துவைக்க வேண்டிய தூசு நேரே தொண்டைக்குப் போகிறது. ஆழ்ந்த மூச்சு அதை நுரையீரலின் அடித்தளம்வரை இழுத்துச் செல்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மிக நுண்ணிய துகள்களை ஆரோக்கியமானவர்கள் முதலில் ஓய்வாக இருந்தும் பிறகு சைக்கிள் மிதித்தும் சுவாசித்தார்கள். மிதித்தபோது நுரையீரலில் படிந்த துகள்களின் எண்ணிக்கை நாலரை மடங்குக்கும் மேலாக உயர்ந்தது.

படிந்தது அங்கேயே நிற்குமா? பிஎம் 2.5 என்று நாம் சொல்லும் துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனினும் சின்னவை ரத்தத்துக்குள்ளேயே நுழைகின்றன என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. எடின்பரோ ஆய்வாளர்கள் 2017-இல் அதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். தீங்கில்லாத தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கிக் காற்றில் கலந்து, தன்னார்வலர்களை இடையிடையே உடற்பயிற்சி செய்தபடி சுவாசிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் சிலருடைய ரத்தத்தில் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் உடலை விட்டு அது முழுதாக நீங்கவில்லை. கழுத்துத் தமனி அறுவை சிகிச்சைக்கு முன் அதைச் சுவாசித்த நோயாளிகளின் கொழுப்புப் படிவில் தங்கத் துகள் சேர்ந்திருந்தது. அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. தங்கத்துக்குப் பதிலாக டீசல் கரியை வைத்துப் பார்த்தால், நடக்கிறவரின் மார்பில் என்ன நடக்கிறது என்பது விளங்கும்.

டீசலை வைத்தே நடந்த ஆய்வும் உண்டு. முன்பு மாரடைப்பு வந்து தேறிய 20 ஆண்களை ஸ்வீடனின் உமேயோ நகரில் ஓர் அறைக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒருமுறை வடிகட்டிய காற்று, இன்னொருமுறை நீர்த்த டீசல் புகை. புகையில் மிதித்தபோது, இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போவதைக் காட்டும் ஈசிஜி மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்க உடல் தானே சுரக்கும் பொருளும் குறைந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வு இதய நோயாளிக்கு நடை சொல்லும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது. அந்த மனிதர்கள் யாரும் மார்வலி என்று சொல்லவில்லை. உடம்பு உள்ளுக்குள் திணறியதை அவர்களே அறியவில்லை.

இந்தக் கேள்வியில் என்னை மிகவும் பாதித்தவை லண்டனில் நடந்த இரண்டு ஆய்வுகள். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் கடைவீதியில் அப்போது பேருந்துக்கும் டாக்சிக்கும் மட்டும்தான் அனுமதி, பெரும்பாலும் டீசல். அங்கிருந்து எட்டிய தூரத்தில் ஹைட் பார்க். இழுப்பு உள்ள 60 பேரை ஒரு நாள் கடைவீதியிலும் இன்னொரு நாள் பூங்காவிலும் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். கடைவீதி நடைக்குப் பின் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு ஆறு சதவீதம்வரை குறைந்தது. பத்தாண்டுக்குப் பிறகு வெளியான மற்றோர் ஆய்வில் அதே இரு பாதைகளிலும் அறுபது வயது தாண்டிய 119 பேரை நடக்க வைத்தார்கள். நலமானவர்கள், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள், இதய நோயாளிகள் என மூன்று பிரிவு. பூங்காவில் நடந்த நலமானவர்களுக்கு நுரையீரல் திறன் கூடியது, ரத்தக் குழாயின் விறைப்பு தளர்ந்தது. ஒரு நாள்வரைகூட அந்தப் பலன் நீடித்தது. கடைவீதியில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கவே இல்லை. அதே கால், அதே இரண்டு மணி நேரம். உடற்பயிற்சி தர வேண்டிய கூலியைக் காற்று பிடித்துக்கொண்டது.

விளையாட்டு உலகம் இதை நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரப் பள்ளியொன்றின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள், புகைமூட்டம் மிகுந்த நாட்களில் முந்தைய நேரத்தைவிடப் பின்தங்கினார்கள் என்று 1967-லேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அன்றைய மாரத்தான் உலக சாதனையாளரும் ஆஸ்துமா உள்ளவருமான எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி காற்றுக்கு அஞ்சி மாரத்தானிலிருந்து விலகிப் பத்தாயிரம் மீட்டர் மட்டும் ஓடினார். சீன அரசு வண்டிகளைப் பாதிப்பாதியாக நிறுத்தி ஆலைகளை மூடியது. மாரத்தான் நாளில் வானம் தெளிந்திருந்தது. கென்யாவின் சாமுவேல் வஞ்சிரு ஒலிம்பிக் சாதனை படைத்தார். அதே நேரத்தில் நகரின் 125 இளம் மருத்துவர்களின் ரத்தத்தைப் போட்டிக்கு முன்னும் போட்டியின்போதும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். காற்று தெளிந்த வாரங்களில் ரத்தம் உறைவதற்கான அறிகுறிகள் சில குறைந்தன. தடைகள் நீங்கியதும் திரும்பி ஏறத் தொடங்கின. அவர்கள் நோயாளிகள் அல்ல, இருபதுகளில் இருந்த இளம் வயதினர்.

நம் கண்முன் நடந்தது 2017 டிசம்பர் 3, டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானம். இலங்கை வீரர்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு ஃபீல்டிங் செய்தார்கள். பந்துவீச்சாளர்கள் மூச்சுத்திணறி வெளியேறினார்கள், ஆட்டம் பலமுறை நின்றது. அரங்கில் கூச்சல் எழுந்தது. தோல்விக்குப் பயந்து நடிக்கிறார்கள் என்று பலர் எழுதினார்கள். அன்று எழுதப்பட்ட ஏளனத்தை இப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. மேலே சொன்ன கணக்கு வேகப்பந்து வீசுகிறவனின் நுரையீரலுக்கும் பொருந்தும். அந்தக் காற்றுக்குப் பழகிப்போனவர்கள் பழகாதவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பழகுவது என்றால் இருமல் நின்றுபோவது மட்டும்தான். உள்ளே நடப்பது நிற்காது.

இவை எல்லாம் சில மணி நேரக் கதை. ஒருவர் பல ஆண்டுகள் இப்படியே நடந்தால் கடைசியில் லாபமா நட்டமா? இங்கேதான் ஆய்வுகள் பிரிகின்றன, நாம் நிதானமாகப் படிக்க வேண்டியதும் இங்கேதான்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன், ஓர்ஹுஸ் நகரங்களைச் சேர்ந்த 52,000 நடுவயதினரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, மாசு கூடுதலான தெருக்களில் வாழ்ந்தாலும் சைக்கிள், தோட்டவேலை, விளையாட்டு ஆகியவை ஆயுளைக் காத்தன என்றது. தைவானில் 3,84,000 பேரை வைத்து 2021-இல் வந்த ஆய்வும் அதே திசையில் போனது: எந்தக் காற்றிலும் உடற்பயிற்சி செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்றாக இருந்தார்கள், சுத்தமான காற்றில் செய்தவர்கள் மிகவும் நன்றாக இருந்தார்கள். அதே ஆண்டு தென்கொரியாவிலிருந்து 20 முதல் 39 வயதுவரை உள்ள ஏறக்குறைய 15 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. காற்று ஓரளவு நன்றாக இருந்த இடங்களில் உடற்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு இதய நோய் குறைந்தது. நுண்துகள் மிகுந்த இடங்களில் மிக அதிகமாகக் கூட்டியவர்களுக்கு ஆபத்து ஏறுவதுபோல் தெரிந்தது.

டென்மார்க் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டி, கவலை வேண்டாம் நடங்கள் என்று எழுதும் உடல்நலப் பத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபன்ஹேகனின் மோசமான தெருவும் நம் ஊர்க் கணக்கில் நல்ல தெரு. அங்கே கிடைத்த விடையை வடசென்னையின் மணலிக்கோ டெல்லியின் ஆனந்த் விகாருக்கோ அப்படியே கொண்டுவர முடியாது. 2016-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்கோ டைனியோவும் குழுவினரும் இதைக் கணித மாதிரியாகப் போட்டார்கள். உலக நகரங்களின் சராசரியான 22 மைக்ரோகிராம் நுண்துகளில் எவ்வளவு நடந்தாலும் மிதித்தாலும் லாபமே. ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற காற்றில், நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தால் தீமை நன்மையை மிஞ்சும். நடைக்கு அந்த எல்லை பத்து மணி நேரத்துக்கு மேல். மாதிரிக் கணக்கு இது, ஆளைப் பார்த்து அளந்ததல்ல. ஏற்கெனவே நோயுள்ளவருக்கு என்ன எல்லை என்பதை அது சொல்லவில்லை. 2025-இல் பல நாடுகளைச் சேர்ந்த 15 லட்சம் பேரின் தரவை ஒன்றுசேர்த்த ஆய்வு, எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பிணக்கைத் தீர்ப்பதற்கு மிக அருகில் வருகிறது. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பு பொதுவாக 30 சதவீதம் குறைகிறது. ஆண்டுச் சராசரி நுண்துகள் 25 மைக்ரோகிராமைத் தாண்டும் இடங்களில் அந்தப் பலன் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குகிறது.

பாதிப் பலன் என்பது பூஜ்யமல்ல. நடையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் முடங்குகிறவர் அந்தப் பாதியையும் இழக்கிறார். சன்னல் வழியே வரும் அதே காற்றை உட்கார்ந்தபடி சுவாசிக்கிறார். ஆகவே நடக்கலாமா கூடாதா என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்று நினைக்கிறேன். எந்த நேரத்தில், எந்தத் தெருவில், எவ்வளவு மூச்சு வாங்க, யார் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

தெருவைப் பொறுத்தவரை செய்தி நல்லது. லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் 2002 வாக்கில் அளந்தபோது, நுண்ணிய புகைத்துகள்கள் சாலையிலிருந்து விலக விலகச் செங்குத்தாகக் குறைந்து, முந்நூறு மீட்டருக்குள் சுற்றுப்புற அளவுக்கு இறங்கின. அண்ணா சாலையின் நடைபாதையை விட்டு உள்தெருவுக்குள் இரண்டு திருப்பம் போனாலே கணக்கு மாறிவிடும் என்பதுதான் இதன் பொருள். பேருந்து நிறுத்தத்திலும் சிக்னலிலும் நின்றபடி குதித்துக்கொண்டிருப்பது நட்டம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடக்கிற வழக்கம் இப்போது நம்மிடையே பரவியிருக்கிறது. எட்டு வடிவத்துக்குத் தனி மகிமை உண்டா என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சாலைப் புகையைவிட்டு விலகி நிற்பதற்கு அது நல்ல இடம்.

நேரம்தான் நம்மூரில் கடினமான கணக்கு. இரவு மூடி முழுக்கத் திறந்தபின் நடப்பதென்றால் பிற்பகலில் நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது தற்கொலைக்குச் சமம். பங்குனி முதல் ஆனிவரை விடியலை விட்டால் வேறு வழியில்லை. நல்லவேளையாக அந்த மாதங்களில் இரவு மூடி தளர்ந்திருக்கும், காற்று ஓடும், துகளும் குறைவு. ஐப்பசி முதல் தைவரை நிலைமை தலைகீழ்: வெயில் மென்மையாகிறது, விடியல் மோசமாகிறது. அந்த நாலு மாதமும் காலை எட்டரைக்கு மேலோ மாலை நாலரைக்கோ நடப்பது உடம்புக்குப் பொருந்தும். தீபாவளிக்கு மறுநாள் காலையும் போகி விடியலும் ஓட்டத்துக்கு விடுமுறை. முகக்கவசமும் உதவும், சரியானதாக இருந்தால்: பெய்ஜிங்கில் 98 இதய நோயாளிகள் நுண்துகளை வடிகட்டும் கவசத்தோடு நடந்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது, இதயத் தசையின் திணறலும் குறைந்தது. துணிக்கவசமும் கைக்குட்டையும் நுண்துகளைப் பிடிக்கா. கவசத்தோடு ஓடுவது மூச்சை அடைக்கும், நடைக்கு மட்டுமே அது ஏற்றது.

கைபேசியில் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீட்டில் நுண்துகளுக்கு எடுப்பது 24 மணி நேரச் சராசரி. நேற்றுப் பிற்பகலின் நல்ல காற்று இன்று விடியலின் கெட்ட காற்றை அதில் மறைத்துவிடும். மணிவாரி அளவைத் தேடிப் பார்க்க வேண்டும். இன்னொன்று அந்தப் பெயர்கள். நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீடு அதை 'திருப்தி' என்கிறது. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 'உடல்நலத்துக்குக் கேடு'. உலக சுகாதார அமைப்பு 2021-இல் ஒரு நாளுக்கு வைத்த வரம்பு 15, ஆண்டுக்கு 5. நம் நாட்டின் ஆண்டு வரம்பு 2009-இல் வைத்த 40-லேயே நிற்கிறது. சென்னைக் காற்று பெரும்பாலும் அந்த நாற்பதுக்குள் அடங்கிவிடுவதால் நமக்குப் பிரச்சினையில்லை, டெல்லிக்காரர்கள்தான் பாவம் என்று பேசிப் பழகிவிட்டோம். நுரையீரலுக்கு எந்த அரசின் வரம்பும் தெரியாது.

குழந்தைகளின் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. தெற்குக் கலிபோர்னியாவில் 12 ஊர்களைச் சேர்ந்த 3,535 பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஈடுபட்ட பிள்ளைகளுக்கு, விளையாடாத பிள்ளைகளைவிட, புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஓசோன் குறைந்த ஊர்களில் அப்படி இல்லை. துடிப்பான பிள்ளைதான் அதிகம் வாங்கிக்கொள்கிறது. நுரையீரல் பதினெட்டு வயதையொட்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. அந்த வயதில் இழந்த கொள்ளளவு பிறகு திரும்புவதில்லை. டெல்லிப் பள்ளிகள் நவம்பர், டிசம்பரில் விளையாட்டுப் போட்டி நடத்துவதை வேறு மாதத்துக்குத் தள்ள வேண்டும் என்ற பேச்சு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம்வரை போனது. நம் பள்ளிகளில் பிராக்டிஸ் காலை ஆறு மணிக்கு, பெரும்பாலும் பிரதான சாலையை ஒட்டிய மைதானத்தில். பிடி மாஸ்டரின் கையில் விசில் இருக்கிறது, அன்றைய காற்றின் அளவு இல்லை. ஒரு பள்ளிக்கு ஓர் அளவுகருவி என்பது எட்டாத செலவும் அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தையும் தெருவையும் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கு. ஆய்வுகளும் அவர்களைப் பற்றியவைதான்; உடற்பயிற்சி என்ற சொல்லே ஓய்வு நேரம் உள்ளவரைக் குறிக்கிறது. மூட்டை தூக்குகிறவர், ரிக்‌ஷா மிதிக்கிறவர், சாரத்தில் செங்கல் ஏற்றுகிறவர், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர், தெரு கூட்டுகிறவர் ஆகியோரின் மூச்சும் இதே வேகத்தில்தான் ஓடுகிறது. வேலையில் உழைப்பது, ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் இதயப் பலனைத் தருவதில்லை என்று டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகிறார்: நேரம் நீளம், இடைவெளி இல்லை, தேறுவதற்கு ஓய்வு இல்லை. பலன் குறைவு, துகளின் அளவோ அதிகம். டைனியோவின் கணக்கில் மிக மாசான காற்றில் சைக்கிளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வந்த எல்லையை, அப்படிப்பட்ட காற்றில் உழைக்கும் இவர்களில் பலர் காலைத் தேநீருக்கு முன்பே தாண்டிவிடுகிறார்கள்.

நான் மார்கழி நடையை மாலை நாலரைக்கு மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெரியம்மாவையும் மாற்ற வைத்தேன். அவர் இப்போது சாலைக்குப் போவதில்லை, மாடியில்தான் நடக்கிறார். விடியற்காலையில் வெளியே போவதை நிறுத்தியபின், எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரை நான் பார்ப்பது அரிதாகிவிட்டது. முன்பு தினமும் எதிர்ப்படுவார். நீண்ட ஈர்க்குமாறு, மூக்கை மறைத்து முடிச்சிட்ட துப்பட்டா, கால்களைச் சுற்றிச் சாலைத் தூசு. நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரப் பணியில் அவர் வாங்கும் காற்று பத்தாயிரம் லிட்டருக்கு மேல். மார்கழியிலும் அவருடைய வருகைப் பதிவு விடியுமுன்தான்.